இரண்டு பெயரில் ஒரே வேர்: குழந்தைக்குக் காத்திருந்த ஒரு தம்பதியின் நிகழ்வு ஆய்வு

குடியாத்தம் பகுதியில் பொது மருத்துவம் பார்த்துவருகிறேன். சம்பந்தப்பட்ட இருவரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அளவுகளையும் வரிசையையும் மாற்றவில்லை. என் தவறுகளும் அப்படியே இருக்கின்றன.

பின்னணி

பெண்ணுக்கு வயது 29. குடியாத்தத்துக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவில் ஒரு கிராமம். ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் பிரிவில் எட்டு ஆண்டுகளாக வேலை. கணவருக்கு 34. சென்னை–பெங்களூரு சாலையில் சரக்கு லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். திருமணமாகி நான்கு ஆண்டுகள். முதல் வருடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டாம் வருடத்தில் தெருவில் “ஏதாவது விசேஷமா?” என்று ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகுதான் வேலூரில் ஒரு மருத்துவமனையில் பரிசோதனைகள் நடந்தன.

அந்தக் காகிதங்களை அவர் பத்திரமாக வைத்திருந்தார். விலக்கு 34 முதல் 37 நாளுக்கு ஒரு முறை. விலக்கின் மூன்றாம் நாள் ரத்தத்தில், முட்டையை வளர்க்கும் ஹார்மோனான எஃப்.எஸ்.எச். 6.2, அதை வெளியேற்றும் ஹார்மோனான எல்.எச். 7.1. தைராய்டுக்கான டி.எஸ்.எச். 2.3. முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். 4.1. ஸ்கேனில் இரண்டு சினைப்பையிலும் முறையே 13, 14 சிறு முட்டைப்பைகள். கீழே ‘பிசிஓடி’ (சினைப்பையில் சிறு முட்டைப்பைகள் அளவுக்கு மீறி இருக்கும் கோளாறு) என்று எழுதியிருந்தது. பால் சுரப்புக்கான ஹார்மோன் ப்ரோலாக்டின் 31, கொஞ்சம் அதிகம். முட்டை வெளியானபின் ஏறும் ஹார்மோனான ப்ரோஜெஸ்டிரோன், இருபத்தொன்றாம் நாள் எடுத்தபோது 0.7. இந்தக் கடைசி எண்ணை வைத்துத்தான் அவரிடம் “முட்டை வெடிக்கல” என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த வார்த்தை அவர் மனதில் நின்றுவிட்டது. ப்ரோலாக்டினுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை அவர் வாங்கவே இல்லை. அன்று பஸ் கிடைக்காமல் ஓடிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டே கை நீட்டியதாகப் பிறகு சொன்னார். ஓட்டமும் பதற்றமும் ப்ரோலாக்டினை ஏற்றிக்காட்டும். பிற்பாடு நாங்கள் கால் மணி நேரம் உட்காரவைத்து மறுபடி எடுத்தபோது 17 வந்தது.

கணவருக்கு எந்தப் பரிசோதனையும் நடக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். “அவருக்கு இன்னா கொறச்சல்னு அத்தை சொன்னாங்க” என்றார்.

சிங்கப்பூர்ப் பயணம்

கணவரின் அண்ணன் குடும்பம் சிங்கப்பூரில் இருக்கிறது. ஓரகத்தியின் இரண்டாவது பிரசவத்துக்கு உதவியாக இவர் ஒரு மாதம் அங்கே போயிருந்தார். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டி, மருந்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான் ஓரகத்தி அவரை ஒரு சீன மருத்துவரிடம் அழைத்துப் போனார். அங்கே சீன மருத்துவர்கள் அரசிடம் பதிவு பெற்றே தொழில் செய்ய வேண்டும். 2000-ஆம் ஆண்டிலிருந்து அதற்குச் சட்டம் இருக்கிறது. இவர் பார்த்தவரும் பதிவு பெற்றவர்.

நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். இரண்டு மணிக்கட்டிலும், ஒவ்வொன்றிலும் மூன்று இடத்தில் விரல் வைத்து நாடி பார்த்தார். விலக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை, ரத்தம் என்ன நிறம், கட்டி விழுமா, அதற்கு முன் மார்பு வலிக்குமா, எரிச்சல் வருமா என்று அரை மணி நேரம் கேட்டார். நான்கு ஆண்டுகளில் இவ்வளவு கேட்டவர் அவர் ஒருவர்தான் என்று இந்தப் பெண் சொன்னது எனக்குச் சுருக்கென்றது.

அவர் சொன்னது இது: சிறுநீரகத்தின் சாரம் குறைவு, கல்லீரலின் ஓட்டம் தேங்கியிருக்கிறது. சீன மருத்துவத்தில் ‘சிறுநீரகம்’ என்பது நாம் ஸ்கேனில் பார்க்கும் உறுப்பு மட்டும் அல்ல. பிறப்பில் வந்த உயிர்ச்சாரத்தைச் சேர்த்துவைக்கும் இடம், வளர்ச்சிக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் அதுதான் மூலம் என்று அவர்கள் நூல்கள் சொல்கின்றன. பெண்ணின் வயதை ஏழேழாகப் பிரித்து, பதினான்கில் விலக்கு தொடங்கி நாற்பத்தொன்பதில் முடியும் என்று கணக்குச் சொல்வதும் அதை வைத்துத்தான். ‘கல்லீரல் தேக்கம்’ என்பது பெரும்பாலும் மனக்கவலையும் விலக்குக்கு முந்தைய தொல்லைகளும் சேர்ந்த ஒரு நிலை. ஓரகத்தி இதை மொழிபெயர்த்தது, “உனக்குக் கிட்னி வீக்காம், லிவரும் சரியில்லையாம்.” ஊர் திரும்பியதும் வீட்டில் பதறிப்போய், சிறுநீரகம் சரியா என்று காட்டும் கிரியாட்டினின் பார்த்தார்கள், 0.7, நல்ல அளவு. அம்மா வீட்டில் பதினைந்து நாள் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள்.

மருந்தாகக் கிடைத்தவை வெந்நீரில் கரைத்துக் குடிக்கும் குருணைப் பொட்டலங்கள். காலை, இரவு. தீரத்தீர சிங்கப்பூரிலிருந்து வருபவர் கையில் வந்துகொண்டிருந்தன. இதோடு ஒரு வேலையும் கொடுத்தார் அந்த மருத்துவர்: தினமும் விழித்தவுடன், படுக்கையை விட்டு எழுமுன், வாயில் தெர்மாமீட்டர் வைத்து வெப்பத்தை நோட்டில் எழுத வேண்டும். ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ் பிடிக்க வேண்டிய பெண் நான்கு மாதம் ஒரு நாள் தவறாமல் அதைச் செய்திருக்கிறார்.

முதல் வருகை, என் தவறு

என்னிடம் வந்தது குழந்தைக்காக அல்ல. சித்திரை மாதம், வேலூர் வெயில். கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, சாயங்காலமானால் கை கால் ஓய்ந்துபோகிறது, பாதம் கொஞ்சம் வீங்குகிறது என்று வந்தார். நாள் முழுக்க மெஷின் முன் உட்கார்ந்து வேலை. பாத்ரூம் போக முடியாதென்று தண்ணீர் குடிப்பதில்லை. இதே புகாரோடு வாரத்துக்கு நான்கு பேர் வருவார்கள். நர்ஸ் எழுதிய ரத்த அழுத்தம் 136/88. வெயிலில் நடந்து வந்திருக்கிறார் என்று நினைத்துக் கடந்துபோனேன். “வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?” என்று கேட்டேன். “இல்ல மேடம்” என்றார். கால்சியம் மாத்திரையும், உப்பு–சர்க்கரைக் கரைசல் தினமும் இரண்டு பாக்கெட்டும் எழுதிக்கொடுத்து அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து வந்தார். இழுப்பு அதிகமாகியிருந்தது. அழுத்தம் 150/96, உட்காரவைத்து மறுபடி பார்த்தால் 148/96. ஆறு மாதத்துக்கு முன் கம்பெனி மருத்துவ முகாமில் 112/70 இருந்த சீட்டு அவரிடமே இருந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் 3.1 (குறைந்தது 3.5 இருக்க வேண்டும்). ஈசிஜியில் பெரிய மாற்றமில்லை. அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தவருக்கு நான் உப்பு குடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

இருபத்தொன்பது வயதில் அழுத்தம் ஏறி, பொட்டாசியமும் இறங்கினால், அட்ரினல் சுரப்பியில், உடலில் உப்பைப் பிடித்துவைக்கும் ஹார்மோனான ஆல்டோஸ்டிரோன் அதிகம் சுரக்கிறதா, சிறுநீரக ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறதா என்று தேடத்தான் புத்தகம் சொல்கிறது. அந்தப் பரிசோதனைகள் விலை கூடியவை. எழுதுமுன் இன்னொரு முறை, வேறு மாதிரி கேட்டேன்: “வீட்ல கஷாயம், பொடி, லேகியம், பால்ல கலக்கறது, வெளியூர்ல இருந்து வந்தது… எதுவா இருந்தாலும் சொல்லும்மா.” அப்போதுதான் சீனப் பொட்டலங்களைப் பற்றியே நான் கேள்விப்பட்டேன். அவர் பொய் சொல்லியிருக்கவில்லை. நான் மாத்திரை என்றேன். அவர் எடுத்தது எதுவும் மாத்திரை இல்லை.

பைக்குள் இருந்தவை

மறுநாள் மாமியாரோடு, எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் எடுத்துக்கொண்டு வந்தார். சீனப் பொட்டலங்கள், வெப்பநோட்டு, மீந்திருந்த கீழாநெல்லிப் பொடி, தலைமுடி எண்ணெய் கூட. அடியில் ஒரு டப்பாவில் வெளிர்மஞ்சள் பொடி. முகர்ந்ததும் தெரிந்துவிட்டது: அதிமதுரம். கருப்பைச் சூடு தணிய, வேலூர் லாங்கு பஜாரில் வேராக வாங்கி இடித்து, ஐந்து மாதமாகக் காலையும் இரவும் ஒவ்வொரு ஸ்பூன் பாலில் கலந்து மாமியார் கொடுத்து வந்திருக்கிறார். அதே ஸ்பூனால் அளந்து எங்கள் தராசில் நிறுத்தோம். நாளுக்கு 7 கிராம்.

“அதுல இன்னா கீது டாக்டரம்மா? பாட்டு பாடறவங்க வாயில போட்டு மெல்ற வேர் அது” என்றார் மாமியார். சரிதான். தொண்டைக்கு ஒரு துண்டு மெல்லுவதால் ஒன்றும் ஆகாது.

சீனப் பொட்டலத்தின் மேல் இருந்ததை யாராலும் படிக்க முடியவில்லை. படம் எடுத்து ஓரகத்திக்கு அனுப்பினோம். அவர் மருந்துக் கடையிலேயே போய்க் கேட்டு, பெயர்களை ஒவ்வொன்றாகக் குரல் பதிவில் அனுப்பினார். ‘கல்லீரல் தேக்கத்துக்கு’ காலங்காலமாகக் கொடுக்கப்படும் சியாவ் யாவ் சான் என்ற கூட்டு மருந்துதான் அடிப்படை. சாய் ஹு, தாங் குய், பை ஷாவ், பை சூ, ஃபூ லிங், கான் சாவ், இஞ்சி, புதினா. பிடிப்பு வலிக்கென்று பை ஷாவும் கான் சாவும் சரிபாதியாகச் சேர்ந்த இன்னொரு குருணையும் இருந்தது. கான் சாவ் என்றால் இனிப்பு மூலிகை. மற்ற மருந்துகளை ஒன்றோடொன்று இசையவைப்பது என்று சொல்லி, எத்தனையோ சீனக் கூட்டுகளில் அதைச் சேர்க்கிறார்கள். அது வேறொன்றுமில்லை, அதிமதுரம்தான்.

ஆக, ஒரே வேர் இரண்டு பெயரில், இரண்டு நாட்டிலிருந்து வந்து, ஒரே பெண்ணின் வயிற்றில் சேர்ந்திருக்கிறது. மாமியாருக்குச் சீனப் பொட்டலத்தில் இருப்பது தெரியாது. சீன மருத்துவருக்குப் பால் டம்ளரைப் பற்றித் தெரியாது.

அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணம் கிளைசிரைசின். சிறுநீரகத்தில் கார்டிசால் ஹார்மோனைச் செயலற்றதாக மாற்றும் ஒரு நொதி உண்டு. கிளைசிரைசின் அந்த நொதியைத் தடுக்கிறது. மாறாமல் மிஞ்சும் கார்டிசால், ஆல்டோஸ்டிரோன் செய்ய வேண்டிய வேலையைத் தானே செய்கிறது: உப்பைப் பிடித்துவைத்து, பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. வீக்கம், அழுத்தம், இழுப்பு எல்லாம் அதன் வழியாகத்தான். நாளுக்கு 100 மில்லிகிராம் கிளைசிரைசினுக்கு மேல் வேண்டாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு அறிவியல் குழு 2003-இல் சொல்லியிருக்கிறது. வேரில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் என்று குறைத்து வைத்தாலும், மாமியாரின் 7 கிராமில் மட்டும் 140 மில்லிகிராம். பொட்டலங்களின் கணக்கு அதற்கு மேல்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, அதிமதுரத்தை இரு வழியிலும் நிறுத்துவது. விலைகூடிய பரிசோதனைகளைத் தள்ளிவைத்தேன். நிறுத்தி மூன்று வாரத்தில் இறங்காவிட்டால் வேலூருக்கு அனுப்புவது என்று எழுதிக்கொடுத்தேன். அழுத்த மாத்திரை தொடங்கவில்லை. மூன்று நாளுக்கு ஒரு முறை வந்து பார்த்துக்கொள்ளச் சொன்னேன். ஐந்து நாள் பொட்டாசியம் சிரப், தினம் ஓர் இளநீர். அழுத்தம் சீராகும் வரை கரு தரிக்க முயல வேண்டாம் என்றேன். அதுதான் அவருக்குக் கசந்தது.

சீன மருத்துவரிடம் போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சக மருத்துவர் ஒருவர் இதற்காக என்னைக் கடிந்துகொண்டார். இருந்தாலும், தடை போட்டிருந்தால் அடுத்த பொட்டலம் என் கண்ணில் படாமல்தான் வந்திருக்கும். ஓரகத்தி மூலம் அந்த மருத்துவரிடமே விவரம் சொல்லவைத்தோம். உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார். வீட்டில் வேறென்ன கொடுக்கிறார்கள் என்று கேட்காமல் விட்டதற்கு வருத்தமும் தெரிவித்தார்.

இரண்டாவது விஷயம் நோட்டு. அன்று இரவு அதைப் புரட்டியபோதுதான் ‘முட்டை வெடிக்கல’ என்ற தீர்ப்பு ஆட்டம் கண்டது. ஒவ்வொரு சுழற்சியிலும் முதல் மூன்று வாரம் 36.3, 36.4 என்று கிடந்த வெப்பம், இருபத்திரண்டாம் நாள் சுமாருக்கு 36.7-க்கு ஏறி, அடுத்த விலக்கு வரை இறங்காமல் நிற்கிறது. நான்கு மாதமும் இதே கதை. முட்டை வெளியானபின் சுரக்கும் ப்ரோஜெஸ்டிரோன்தான் அந்த வெப்பத்தை ஏற்றுவது. அதாவது முட்டை வெளியாகிறது, ஆனால் இருபத்தொன்றாம் நாள் வாக்கில். அன்றைக்கே ரத்தம் எடுத்தால் 0.7-தான் வரும். இருபத்தொன்றாம் நாள் என்ற கணக்கு 28 நாள் சுழற்சிக்கு உரியது. பார்க்க வேண்டியது அடுத்த விலக்குக்கு ஏழு நாள் முன்பு. இவருக்கு அது இருபத்தொன்பதாம் நாள். எடுத்தோம்: 11.4. மூன்றுக்கு மேல் இருந்தாலே முட்டை வெளியாகியிருக்கிறது என்று பொருள்.

சீன மருந்துதான் முட்டையை வெளிக்கொண்டு வந்ததோ? கேட்க வேண்டிய கேள்விதான். நோட்டு மருந்தோடு சேர்ந்தே தொடங்கியது. ஆனால் மருந்தை நிறுத்தி இரண்டு மாதம் ஆனபிறகும் வெப்பம் அதே நாளில் ஏறியது, விலக்கு அதே 35, 36 நாளில் வந்தது.

‘பிசிஓடி’ சீட்டையும் இறக்கிவைத்தோம். 2003-இல் வகுத்த அளவுகோலில் ஒரு சினைப்பையில் 12 முட்டைப்பை இருந்தாலே போதும். புதிய ஸ்கேன் கருவிகள் நுணுக்கமாகக் காட்டுவதால் 2018-இன் சர்வதேச வழிகாட்டுதல் அதை 20 ஆக்கியது. இவருக்கு 13, 14. முகத்தில் முடி இல்லை. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் முதலில் 24; அதிமதுரம் நிறுத்தி எட்டு வாரம் கழித்து 39. இரண்டுமே வரம்புக்குள்தான். ஒன்பது ஆரோக்கியமான பெண்களுக்கு தினம் 3.5 கிராம் அதிமதுரம் கொடுத்ததில் டெஸ்டோஸ்டிரோன் இறங்கியதாக 2004-இல் இத்தாலியிலிருந்து ஒரு சிறு ஆய்வு வந்தது. அதனால்தான் இரண்டாம் முறை பார்த்தேன். ஒருத்தியின் இரண்டு எண்களை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் இந்த வேர் உள்ளே இருக்கும்போது எடுத்த ஹார்மோன் சீட்டை நான் நம்பமாட்டேன்.

மூன்றாவது, கணவர். அவரை வரவழைக்க மூன்று வாரம் ஆனது. வந்தவர் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். ‘பன்னிரண்டாம் நாளிலிருந்து பதினாறாம் நாள் வரை’ என்று யாரோ ஒரு அட்டையில் எழுதிக்கொடுத்திருந்தார்களாம். அதை நம்பி, மூன்று வருடமாக முதலாளியிடம் கெஞ்சி அந்த ஐந்து நாள் மட்டும் விடுப்பு எடுத்து, பதினேழாம் நாள் வண்டி ஏறியிருக்கிறார். கரு தரிக்க வாய்ப்புள்ள நாட்கள் முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும்தான். இவர்களுக்கு அது பதினாறிலிருந்து இருபத்தொன்று. வாய்ப்பு தொடங்கும் நேரத்தில் இவர் ஓசூர் தாண்டிப் போய்க்கொண்டிருந்திருக்கிறார். அந்த அட்டையை அவர் பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டினார். ஓரம் நைந்து, எழுத்து மங்கியிருந்தது.

தொடர்ந்தவை

மூன்றாம் வார முடிவில் அழுத்தம் 118/76, பொட்டாசியம் 4.2. இழுப்பு அதற்கு முன்பே நின்றுவிட்டது.

விந்துப் பரிசோதனையில் ஒரு மில்லிக்கு 1.3 கோடி, அசைவு நூற்றுக்கு 38. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தந்த கீழ்வரம்பு 1.6 கோடி, 42. பெரிய குறை இல்லை, ஆனால் ‘அவருக்கு இன்னா கொறச்சல்’ என்று சொல்லும் அளவும் இல்லை. புகையிலையை விடச் சொன்னேன். விட்டார் என்றுதான் சொல்கிறார். விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகும் என்பதால் மூன்று மாதம் கழித்துப் பார்த்தோம்: 1.9 கோடி, 44.

ஆடி, ஆவணி, புரட்டாசி மூன்று மாதமும் நோட்டையும், முட்டை வெளியாகப்போவதைச் சிறுநீரில் காட்டும், மெடிக்கலில் கிடைக்கும் எல்.எச். பட்டையையும் வைத்து நாள் பார்த்தார்கள். ஆடியில் சேர்ந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்று ஒதுக்கிவைப்பது இங்கே வழக்கம். இந்த ஒரு முறை மாமியாரே “அதெல்லாம் பாக்காதீங்க” என்றுவிட்டார். கரு நிற்கவில்லை.

இடையில் ஓரகத்தி அக்குபஞ்சர் யோசனை சொன்னார். சீனாவில் 27 மருத்துவமனைகளில் பிசிஓஎஸ் (பிசிஓடி-யின் இன்னொரு பெயர்) உள்ள 1000 பெண்களிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வை அவர்களுக்கு விளக்கினேன். முட்டை வெளியாகத் தூண்டும் குளோமிஃபின் மாத்திரையோடு உண்மையான ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 29.4 பேருக்கும், போலி ஊசி போட்டவர்களில் 28.0 பேருக்கும் குழந்தை பிறந்தது. மாத்திரை இல்லாதவர்களில் முறையே 13.9, 16.8. பலன் மாத்திரையில் இருந்தது, ஊசியில் இல்லை. இவரை நான் பிசிஓஎஸ் என்று சொல்லாததால் அந்த எண்கள் அப்படியே பொருந்தாது என்றும் சொன்னேன். காசு செலவழித்து வாரம் இருமுறை போவதா என்று அவர்களே விட்டுவிட்டார்கள்.

ஐப்பசியில் வேலூரில் ஒரு மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினேன். கருக்குழாய் எக்ஸ்ரேயில் இரு பக்கமும் அடைப்பில்லை. முட்டை வெளியாகும் நாளை முன்னுக்குக் கொண்டுவர லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம், மூன்றாம் நாளிலிருந்து ஐந்து நாள். மெடிக்கலில் “இது மார்பகப் புற்றுநோய் மாத்திரையாச்சே” என்று யாரோ சொல்ல, கணவர் ராத்திரி பத்து மணிக்கு எனக்கு போன் செய்தார். அது உண்மைதான். குழந்தைப்பேற்றுக்கு இதைத் தருவதை இந்திய அரசு 2011-இல் தடை செய்ததும், 2017-இல் அந்தத் தடையை நீக்கியதும் உண்மை. இரண்டையும் மறைக்காமல் சொன்ன பிறகுதான் மாத்திரையைப் பிரித்தார்கள்.

முதல் மாதம் நிற்கவில்லை. இரண்டாம் மாதம், தை பிறந்த சமயம், முழுகாமல் இருந்தார். அழுத்தத்தை மாதம் இருமுறை பார்த்தோம். கடைசி வரை ஏறவில்லை. புரட்டாசியில், 38 வாரத்தில், 2.8 கிலோவில் பெண் குழந்தை.

எது பலித்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. நாள் சரியானது, விந்து தேறியது, லெட்ரோசோல் இவற்றில் எதுவாகவும் இருக்கலாம், எல்லாமாகவும் இருக்கலாம். சிங்கப்பூரில் அது சீன மருந்தின் பலன். மாமியார் கணக்கில் ஐந்து மாதம் குடித்த அதிமதுரம் கருப்பையைக் குளிரவைத்தது, மற்றதெல்லாம் பிறகு. நான் மறுத்துப் பேசவில்லை. குழந்தைக்குச் சளி பிடித்தால் அதை உரைத்துப் புகட்ட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

என்ன மாற்றினோம்

ப்ரோஜெஸ்டிரோன் சீட்டில் ‘21-ஆம் நாள்’ என்று நான் இப்போது எழுதுவதில்லை. கடைசி மூன்று விலக்குத் தேதிகளைக் கேட்டு, அதிலிருந்து எண்ணி, ரத்தம் எடுக்க வேண்டிய காலண்டர் தேதியையே எழுதுகிறேன். தம்பதியாக வந்தால் முதல் நாளே கணவருக்கும் சீட்டு. கணவர் வெளியூர் வேலை என்றால், எந்த நாளில் வீட்டில் இருக்கிறார் என்று கேட்கிறேன். முன்பு இதைக் கேட்கக் கூச்சப்பட்டேன்.

136/88-ஐ வெயிலின் தலையில் கட்டியதற்கு மாற்று எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி பார்த்திருந்தால் பத்து நாள் மிஞ்சியிருக்கும்.

நர்ஸ் வைத்திருக்கும் படிவத்தில் ‘வேறு மாத்திரை’ என்ற வரியை அடித்துவிட்டு, ‘வீட்டில் கொடுப்பது, கடையில் வாங்கியது, வெளியூரிலிருந்து வந்தது – பையோடு கொண்டுவரவும்’ என்று எழுதினோம். போன வாரம் ஒரு அம்மா தன் மருமகளுக்காக அப்படி ஒரு பையை மேஜை மேல் கவிழ்த்தார். ஒன்பது பொட்டலம், பாதி லேகியம், பெயரில்லாத ஒரு பாட்டில். நர்ஸ் ஒவ்வொன்றாக முகர்ந்து, தெரிந்ததை எழுதிக்கொண்டிருந்தார். பாட்டில் மட்டும் இன்னும் என் மேஜையில் இருக்கிறது.